மதிலுக்கு அடியில் நாலு இஞ்சுக் குழாய்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தை வாசிப்பது கஷ்டம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இந்த ஐம்பத்திரண்டு வயதிலும் எனக்குத் தடுமாறும். அறையில் கூட இருக்கும் திருவாரூர் முருகேசன் பத்தாவது வரை படித்தவர். அவர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்திருக்கிறார். அவர் கண்ணுக்கும் தப்பினவற்றை டைப் செய்கிறவர்கள் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நம் ஊர் வாசகசாலை ஆண்டு மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தரும்படி செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு என்ன அனுபவம் என்று கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவேன். இந்த வருடம் எழுதுவதற்குக் காரணம் இன்னொரு காகிதம். அதை எழுத வேண்டியிருக்கிறது. எழுதப் பயந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காகிதம் ஒரு பக்கம்தான். ஆம்பல்குளத்தின் கீழ்மடை வாய்க்கால் முன்பு எந்த வழியாக ஓடியது என்று எனக்குத் தெரிந்ததை என் கையால் எழுத வேண்டும். தூதரகத்தில் போய் அவர்கள் முன்னால் கையொப்பம் போட்டு, முத்திரை வாங்கி, ஊருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாய்க்கால் ஓடிய வழியில் இப்போது என் வீடு நிற்கிறது.

2

வீடு உங்களுக்குத் தெரிந்த இடம்தான். நாகர்கோவிலுக்கு வெளியே, டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் அப்பால், வயலை மண்ணடித்து மனை போட்ட தெரு. மனை விற்ற புரோக்கர் கொடுத்த வழவழப்பான நோட்டீஸ் இன்றும் என் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. ஆங்கிலப் பள்ளி ஐந்து நிமிடம். பஸ் ஸ்டாப் மூன்று நிமிடம். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, பேக்கரி, சூப்பர் மார்க்கெட், கல்யாண மண்டபம் எல்லாம் நடக்கிற தூரம். கடைசியில் சாய்ந்த எழுத்தில், ‘குளத்துக் காற்று இலவசம்’.

புரோக்கர்மாரைப் பற்றி நாம் என்னவெல்லாமோ சொல்வோம். அந்த நோட்டீஸில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மகள் அபிஷா பன்னிரண்டாவது வரை அந்தப் பள்ளிக்கு நடந்தே போனாள். மணி அடித்தால் அடுக்களையில் கேட்கும். என் மனைவி புஷ்பத்துக்கு இளைப்பு உண்டு. மூச்சு முட்டிய ஒரு காலையில் ஆட்டோ கூடப் பிடிக்காமல் தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வந்து, மத்தியானம் எனக்குப் போன் செய்து சொன்னாள். "பயப்படாண்டாம், மாறியாச்சு" என்றாள். நான் அப்போது இங்கே மஸ்கட்டில் ஒரு வில்லாவின் குளியலறைத் தரையில் முட்டுக்குத்தி உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்யவேண்டிய காரியங்களை எல்லாம் அந்தத் தெரு செய்தது. அதனால்தான் சொல்கிறேன், மற்றவர்களுக்கு அது ஒரு காங்கிரீட் வீடு. எங்களுக்கு அப்படி அல்ல.

மூன்று படுக்கையறை, ஹால், முன்னால் ஒரு சிட்-அவுட், அடுக்களைக்குப் பின்னால் துணி துவைக்க, தேங்காய் துருவ ஒரு வர்க் ஏரியா. சுற்றிலும் ஆறடி மதில். பால்காய்ச்சுக்கு வந்த சொந்தக்காரர்கள் மதிலைத்தான் முதலில் பார்த்தார்கள். "கோட்டை கெட்டிப்போட்டாரே மாப்பிள்ளை, யாரு சண்டைக்கு வாறா?" என்று புஷ்பத்தின் சித்தப்பா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது வருடத்தில் நாலு லீவுதான் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். கடைசி லீவில் பின்பக்கக் குளியலறைக்கு மட்டும் நானே டைல்ஸ் ஒட்டினேன். என் வீட்டில் என் கை பட்ட இடம் அது ஒன்றுதான்.

3

இங்கே காலை ஐந்து மணிக்கு வேன் வரும். ஊருக்கு வெளியே வரிசையாக வில்லாக்கள் கட்டுகிறார்கள். எல்லாம் ஒரே அச்சு. நடுவில் பள்ளிவாசல், பிள்ளைகள் விளையாட ஊஞ்சல், ஒரு கடை. நான் குளியலறைகளுக்குத்தான் அதிகம் போவேன். குளியலறைத் தரை எல்லோருக்கும் வராது. பார்த்தால் மட்டமாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மூலையில் இருக்கும் ஓட்டையைத் தேடிப் போய்விட வேண்டும். ரசமட்டத்தில் குமிழி ஒரு நெல் அளவு தள்ளி நிற்கும்படி வைப்பேன். "தங்கப்பன் போட்டால் வெள்ளம் நிக்காது" என்று எங்கள் மலையாளி ஃபோர்மேன் புதிய ஆட்களிடம் சொல்வார். அதைக் கேட்கும்போது முன்பெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

மத்தியானம் சோறு தின்னும்போது போனில் வீட்டுக் கேமராவைப் பார்ப்பேன். அபிஷா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வாங்கி மாட்டியது. இரண்டு கண் அதற்கு. ஒன்று கேட்டைப் பார்க்கும், ஒன்று வடக்கு மதிலை. புஷ்பம் துணி காயப்போடுவாள். மீன்காரி வருவாள். புஷ்பம் மீனைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டுவாள், இங்கே நான் சம்பா அரிசியும் பருப்பும் தின்றுகொண்டிருப்பேன் என்று தெரிந்தே.

இருபத்துமூன்று வருடம் ஆகிவிட்டது. பேச்சும் கெட்டுப்போய்விட்டது. போன மாதம் நம் ஊர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி இந்தக் காகிதம் விஷயமாகப் போன் செய்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். நான் எழுந்து நின்றுகொண்டு, "ஜி சாப், ஜி சாப்" என்று பதில் சொன்னேன். அவர், "நீங்க தமிழ்தானே?" என்று கேட்டார். அதற்கும் "ஜி" என்றேன்.

4

நான் ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கீழ்மடையில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று பார்த்து வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது கும்பப்பூ நடவு நேரம். நான் பள்ளிக்கூடத்துக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போனேன். அந்த நாலு நாள் முடியவே இல்லை. பன்னிரண்டு வருடம் அந்த வாய்க்காலில் நின்றேன். எங்கே மண் இளகும், எங்கே நண்டு ஓட்டை போடும், எங்கே வளைவில் தண்ணீர் சத்தம் மாறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அதனால் மனை பார்க்கப் போன அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

புரோக்கரின் காரிலிருந்து இறங்கினதும் தெரிந்துவிட்டது. செம்மண் அடித்து மட்டமாக்கியிருந்தார்கள். கல் நட்டுச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் வடக்கே குளத்துக்கரை அப்படியே இருந்தது. கிழக்கே ஒற்றைப் புன்னைமரம் நின்றது. கரையிலிருந்து இறங்கி மரத்துப் பக்கம் வளைகிற பழைய வாய்க்கால் நான் நின்ற இடத்துக்கு அடியில்தான் போக வேண்டும். புஷ்பம் பக்கத்தில் நின்று, "அந்தா தெரியுதே, அதுதான் பள்ளிக்கூடம்" என்று அபிஷாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வயல்தான் இல்லையே, இனி யாருக்கு வேண்டும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து மனைகளைப் படித்தவர்கள் வாங்கியிருக்கிறார்களே என்றும் நினைத்தேன். பயிருக்கு விடுகிற தண்ணீரை மட்டும்தான் நினைத்தேன். மழைத் தண்ணீரை நினைக்கவில்லை. அல்லது நினைத்து, தள்ளிவிட்டேன்.

மதில் கட்டும்போது நான் லீவில் இருந்தேன். கொத்தனாரிடம் வடக்கு மதிலின் அடியில் ஓர் இடத்தைக் காட்டி, "இதுல ஒரு குழாய் வெச்சிருங்க" என்றேன்.

"எதுக்கு? இங்க ஒண்ணும் ஓடலியே."

"இருக்கட்டும். நாலு இஞ்சு."

நாலு முழம் அகலம் ஓடிய வாய்க்காலுக்கு நாலு இஞ்சுக் குழாய் வைத்தேன். அதை வைத்த பிறகு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குச் செல்லையன் போன் செய்தான். செல்லையனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு வடக்கே, குளத்துக்கரைக்குக் கீழே. நாங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருக்கிற வீடு, பின்சுவர் மண்சுவர்.

"லேய் தங்கப்பா, வெள்ளம் உன் மதில்ல முட்டித் திரும்பி எங்க வீட்டுக்குள்ள ஏறுது. குழாய்ல சவறு அடைச்சுக் கெடக்கு. மதிலை ரெண்டு எடத்துல பொட்டிச்சு விடட்டா? மழை விட்டதும் நானே கெட்டித் தாறேன்."

நான் புஷ்பத்திடம் கேட்கச் சொன்னேன்.

"அவ உன்கிட்ட கேக்கச் சொல்லுதா. நீ அவகிட்ட கேக்கச் சொல்லுத. வெள்ளம் யாருகிட்ட கேக்கும், அதைச் சொல்லு."

"பத்து நிமிஷம் தா மக்கா. யோசிச்சுச் சொல்லுதேன்."

கேமராவைப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பழுப்பாக, அசையாமல், முக்கால் உயரம் நின்றது. இந்தப் பக்கம் முற்றம் ஈரமாக மட்டும் இருந்தது. செருப்புகள் படியில் ஒழுங்காக இருந்தன. மதிலை உடைத்தால் அத்தனையும் ஒரே பாய்ச்சலாக உள்ளே வரும். உள்ளே புஷ்பம் ஒருத்தி. இளைப்புக்காரி. ‘ஆம்’ என்று சொல்லப் பயமாக இருந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஃபோர்மேன் கூப்பிட்டார். குழைத்த சிமென்ட் இறுகுகிறது என்றார். நான் போய் நாலு டைல்ஸ் ஒட்டினேன். சத்தியமாக, ஒட்டினேன்.

நாற்பது நிமிடம் கழித்துச் செல்லையனைக் கூப்பிட்டு, "பொட்டிச்சிரு மக்கா" என்றேன்.

"இனி எதுக்கு" என்றான்.

அவன் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. கட்டிலில் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ராஜத்தின் காலில் விழுந்திருக்கிறது. அதன் பிறகு ஊர்க்காரர்கள் வந்து மதிலை உடைத்தார்கள். தண்ணீர் எங்கள் அடுக்களை வழியாகப் புகுந்து வர்க் ஏரியா வழியாக வெளியே போனது. இத்தனை வருடம் கழித்தும் தன் வழியை அது மறக்கவில்லை. புஷ்பம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் அளவு தண்ணீர்தான்.

அந்த முழங்கால் அளவுக்காகத்தான் நான் யோசித்தேன். ராஜம் இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள்.

6

கரைக்குக் கீழே இருக்கிற வீட்டுக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். அதிகாரிகள் அளக்க வந்தார்கள். மதில் போனாலும் வீடு நிற்கிறதே, வாய்க்காலை வெட்டாமல் தண்ணீர் வடியாது என்பது அவர்களுக்கும் தெரிகிறது. ஆனால் பழைய வரைபடம் மடிப்பில் கிழிந்து, எங்கள் மனைகள் வருகிற இடம் பொடிந்துபோயிருக்கிறதாம். மனு கொடுத்தவர்கள் சொல்வது மட்டும் போதாதாம். வாய்க்காலில் வேலை பார்த்த யாராவது எழுதித் தர வேண்டும். அப்படி உயிரோடு இருப்பது நான் ஒருவன்.

எழுதினால் அடுக்களையும் அபிஷாவின் அறையும் போகும். மிச்சம் நிற்கிற பாதியில் குடியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாவிட்டால் மறுபடி போன ஐப்பசிதான்.

புஷ்பம் முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள்.

"இஞ்சேருங்க, ஊர்ல வேற யாருக்கும் வாய் இல்லியா? பதினெட்டு வீடு இருக்கு இந்தத் தெருவுல. எல்லாவனும் கமுந்து கெடக்கான். நீங்க மட்டும் எழுதிட்டு அங்க இருப்பிய. நான் எங்க போவேன்? எனக்கு இந்த ஆஸ்பத்திரியை விட்டா வேற வழி தெரியுமா?"



அபிஷா பெங்களூரில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. கனடாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அவளிடம் கேட்டேன். "அப்பா, உண்மைய எழுதுங்க. எப்படியும் அந்த வீட்ல யாரு இருக்கப் போறா? அம்மாவுக்கு இங்க ஒரு ஃப்ளாட் பாக்கலாம்" என்றாள். பிறகு, "ஒரு கால் வருது, வெச்சிடட்டா?" என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் தன் அறையின் சுவர் நிறத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். இளம்பச்சை. மூன்று கடை ஏறி இறங்கினோம். போகப்போவது அந்த அறை என்று சொன்னேன். "ம்" என்றாள். ஐந்து நிமிடத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றுதான் அங்கே மனை வாங்கினேன். அந்தப் பள்ளிக்கூடம் அவளை நன்றாகப் படிக்கவைத்தது. படித்ததால் போய்விட்டாள். யாரைக் குறை சொல்ல?

செல்லையன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

"மக்கா, நீ எழுதலேன்னு வெச்சு நான் உன்கிட்ட பேசாம ஒண்ணும் இருக்கமாட்டேன். உன் வீடு, உன் பாடு. ஆனா ஒண்ணு, நீ லீவுல வந்தா உன் வீட்டுல நான் சாயா குடிக்க வரமாட்டேன். அதை இப்பமே சொல்லிப்போடுதேன், பொறவு மனசுல வைக்காத."

போன வாரம் ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லி, டோக்கன் எடுத்துத் தூதரகத்துக்குப் போனேன். இரண்டரை மணி நேரம் வரிசை. என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கையை நீட்டினாள். பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் எழுதவில்லையே?" என்று இந்தியில் கேட்டாள். வரிசையில் நிற்கும்போது எழுதிவிடலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். வெள்ளைக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த டோக்கன் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்திருக்கிறது.

7

நேற்று மத்தியானம் கேமராவைத் திறந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. உடைந்த மதிலுக்குப் புஷ்பம் தகரம் வைத்து மறைத்திருக்கிறாள். அந்தத் தகரத்தை ஒதுக்கிக்கொண்டு ராஜம் வந்தாள். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் குடம். எங்கள் பைப்பில் தண்ணீர் பிடித்தாள். புஷ்பம் உள்ளே இருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். குடத்தைப் புஷ்பம் எடுத்துக்கொண்டு தகரம் வரை கூடப் போனாள்.

அரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"ராஜம் வந்திருந்தா."

"பாத்தேன்."

"கரைப்பக்கம் கிணத்துல வெள்ளம் கலங்கிப் போச்சாம். ஒண்ணுமே கேக்கல அவ. என் காலைப் பாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். சண்டை போடவும் விடல."

அங்கே மழைச் சத்தம் கேட்டது.

"நீங்க எழுதினா எனக்கிட்ட சொல்லாண்டாம், கேட்டியளா? எழுதலேன்னாலும் சொல்லாண்டாம்" என்றாள். வைத்துவிட்டாள்.

இன்று விடுமுறை. துணி துவைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அதை எழுதிவிட்டேன். பத்து வரிகூட இல்லை. முருகேசன் வாசித்துவிட்டு, கடைசி இரண்டு வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அண்ணே, இத அவங்க கேக்கவே இல்லையே. நமக்கே வெனையா வந்துடும்ணே, எடுத்துடுவோமா?" என்றார். இருக்கட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவேன். புஷ்பம் அந்த வீட்டில் இருந்துதான் இந்த மலரை வாசிப்பாளா, வேறு எங்கேயாவது இருந்தா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் நான் வாயால் சொல்லவில்லை.

எழுதியது இது:

ஆம்பல்குளம் கீழ்மடையிலிருந்து வரும் வாய்க்கால், செல்லையன் வீட்டுக்குப் பின்னால் தெற்கே இறங்கி, என் வீட்டு வடக்கு மதிலில் குழாய் வைத்திருக்கும் இடத்தில் நுழைந்து, அடுக்களைக்கும் என் மகளின் அறைக்கும் அடியில் போய், கிழக்கே புன்னைமரத்தைத் தாண்டிப் பெரிய வாய்க்காலில் சேரும். அகலம் நாலு முழம். பன்னிரண்டு வருடம் என் கையால் அதை வெட்டிவிட்டிருக்கிறேன். மனை வாங்கும்போதும் இது எனக்குத் தெரியும். அந்தக் குழாயை வைக்கச் சொன்னது நான்.

தங்கப்பன்
வெள்ளிக்கிழமை, ஐப்பசி 21